பாடாமல் கடந்த ஐந்து ஞாயிறுகள்

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. என் அம்மாவின் ஜெபமாலை மேல் சத்தியம், எங்கள் ஊர் கில்ஹோரனின் கோயில் கிணற்றுத் தண்ணீர் மேல் சத்தியம், போன வருஷம் டாக்டர் எனக்குள் வைத்துத் தைத்த எஃகு இடுப்பின் மேல் சத்தியம். ஒரு வரி பொய் என்றாலும் அந்த இடுப்பு துருப்பிடித்து நான் நாற்காலியோடு நாற்காலியாகப் போகட்டும்.

'புதுக்குரல்' பாட்டுப் போட்டி ஏன் நின்றுபோனது என்று டப்ளின்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். விளம்பரம் கிடைக்கவில்லையாம். ஜனங்களுக்கு அலுத்துவிட்டதாம். அதெல்லாம் ஒன்றுமில்லை. அது நின்றது என்னால், ஃபெஸ்டி ருவானால். எனக்குப் பாட வராது. காரணம் அவ்வளவுதான்.

போட்டி இப்படி: ஜனவரியில் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் தொலைக்காட்சியில் பாடுவார்கள். வீட்டிலிருந்து ஜனங்கள் போன் போட்டு ஓட்டளிப்பார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர் வசந்த காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பார்க்கும் பெரிய போட்டிக்கு அயர்லாந்தின் சார்பாகப் போவார். ஒரு காலத்தில் அந்தப் பெரிய போட்டியை நாங்கள் அலுக்க அலுக்க ஜெயித்தோம். அப்புறம் வருஷா வருஷம் வெறுங்கையோடு திரும்பினோம். 'சரி, ஆளை ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும்' என்று யாரோ ஒரு புத்திசாலி முடிவு செய்தார்.

ஜனங்கள் குரலுக்கா ஓட்டுப் போடுவார்கள்? மாவட்டத்துக்குப் போடுவார்கள். முதல் வருஷம் ஜெயித்தவர் லெய்ட்ரிமின் கால்நடை மருத்துவர். அவர் கைபடாமல் பிறந்த கன்று அந்த மாவட்டத்தில் இல்லை. இரண்டாம் வருஷம் கெர்ரியிலிருந்து எட்டு அண்ணன் தம்பிகள் ஒரே பாட்டைப் பாடினார்கள். அவர்களுக்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மட்டும் நாலாயிரம் பேர். மூன்றாம் வருஷம் நான்.

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில், ஆயர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று, மற்றப் பிள்ளைகளோடு நானும் ஒரு வரி பாடினேன். வெளியே ஆயரின் டிரைவர் காருக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து வாத்தியார் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "ருவான், நீ உதட்டை மட்டும் அசை" என்றார். ஐம்பத்தைந்து வருஷம் பூசையில் உதட்டை மட்டும்தான் அசைத்தேன். இடையில் ஒரே ஒரு தடவை, கல்யாணமான மறுநாள், சால்ட்ஹில்லில் தங்கியிருந்த விடுதிக் குளியலறையில் தெரியாமல் பாடிவிட்டேன். விடுதிக்காரம்மாள் கதவைத் தட்டி, "உள்ளே யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள். அன்று பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் எல்லாரும் கடல் கடந்தோ கல்லறைக்கோ போய்விட்டார்கள். ஆக, இந்த ரகசியம் தெரிந்து ஊரில் மிஞ்சியிருந்த உயிர் ஒன்றுதான்: என் மனைவி டெலியா.

நீங்கள் சிரிக்கலாம். அன்று பள்ளிக்கூடத்திலும் எல்லாரும் சிரித்தார்கள், ஆயர் உட்பட. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும் வரைக்கும் அதைத்தான் பார்த்தார். எனக்குப் பயம் சிரிப்பின் மேல் இல்லை. அந்தப் பூட்ஸ் பார்வையின் மேல்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டவுடன் பாடுவதில்லை. "ஒரு பாட்டு பாடேன்" என்றால், "எனக்கா? தொண்டை கட்டியிருக்கு" என்பார். மறுபடி கேட்க வேண்டும். "பாட்டெல்லாம் மறந்துபோச்சு" என்பார். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால், தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து இருபது சரணம் பாடுவார். நல்ல பாடகர் என்றால் நன்றாக மறுப்பார். கேட்டவுடன் எழுந்து நிற்கிறவனைப் பற்றி, "அவனுக்குத் தன்மேல ஒரு நெனப்பு" என்பார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள், சவ ஊர்வலம் உட்பட.

அந்த அக்டோபரில் டப்ளினிலிருந்து ஒரு அம்மாள் மேற்கத்திப் பாடகர்களைத் தேடிக்கொண்டு எங்கள் ஊர் மன்றத்துக்கு வந்தாள். கூட்டத்தை ஏற்பாடு செய்தது தபாலாபீஸ் அட்ராக்டா கேவகன். அட்ராக்டா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஆயர் வந்த அன்று அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தாள், அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாயோ மாவட்டத்தின் மேற்குக் கரையில் பெயர்பெற்ற ஆறு பாடகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆறு பேரும் மறுத்துக்கொண்டிருந்தார்கள். டப்ளின் அம்மாளுக்கு இந்த மாதிரி மறுப்பையெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. மணியைப் பார்த்துப் பார்த்து ரயிலை நினைத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி அடுக்க வந்தவன். அவள் முகத்தைத் திருப்பியபோது எதிரில் நான் இருந்தேன்.

"நீங்க பாடுவீங்களா?"

"இல்லைம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு வரிகூட வராது."

மன்றத்தில் பேச்சு அடங்கியது. யாரோ, "அட, ஃபெஸ்டி மறுக்கறான் பாரு" என்று கிசுகிசுத்தார்கள். எனக்கு வியர்த்தது. வியர்த்ததால் உண்மையை இன்னும் பலமாகச் சொன்னேன்.

"அம்மா, உலகத்துலயே மோசமான குரல் என்னோடது. எங்க அம்மா கல்லறை மேல சத்தியம். நான் வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அப்படியொரு மறுப்பு மாயோவில் அதுவரை கேட்கப்பட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் மார்ட்டி லாவெல், எண்பது வயது, மேற்குக் கரையின் தலைசிறந்த பாடகர், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அறுபது வருஷமா நான் மறுத்துட்டு வரேன்," என்றார். "இந்த மாதிரி மறுக்க எனக்கு வராது."

டப்ளின் அம்மாள் என் பெயரை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது டெலியா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தி பாதி ரொட்டியில் நின்றது.

"நாற்காலி அடுக்கப் போனவன் நாட்டுக்குப் பாடப் போறேன்னு வந்து நிக்கிறே."

"நான் பாட வராதுன்னுதான் சொன்னேன், டெலியா."

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"அதுதான் உண்மை! மூணு தடவை சொன்னேன்! மூணாவது தடவைதான் எழுதிக்கிட்டா!"

அவள் உட்கார்ந்தாள். "சால்ட்ஹில் மாதிரியா வரும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதைவிட மோசமா வரும். அப்போ எனக்கு வயசு இருந்தது."

"பேசாம பெர்த்துக்குப் போயிடலாமா? நோரீன் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா." நோரீன் எங்கள் மகள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பல் டாக்டர்.

"ஓடிட்டேன்னு சொல்வாங்க."

"பாடிட்டேன்னு சொல்றதுக்கு அது தேவலாம்," என்றாள் டெலியா.

நான் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குப் பாட வராது, தயவுசெய்து விட்டுவிடுங்கள், இப்படிக்கு. முதல் ஞாயிறு நிகழ்ச்சி ஆரம்பித்ததே அந்தக் கடிதத்தை வாசித்துத்தான். பின்னணியில் மெல்ல வயலின். நாடு முழுக்க அழுததாம்.

அன்று நான் மேடைக்குப் பின்னால் நின்றதைச் சொல்ல வேண்டும். முகத்தில் மாவு பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே என் நிஜ முகம் அதைவிட வெள்ளையாக இருந்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. ஒன்று மெதுவான வால்ட்ஸ் நடனம், ஒன்று வேகமான கிராமத்து ஆட்டம். காமிராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நாடு பார்க்கிறது என்று அர்த்தமாம். எரிந்தது.

நிகழ்ச்சியை நடத்தியவர் கார்மக் டூலி, டல்லமோர்க்காரர், பல் முழுக்க வெளிச்சம். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம்.

"ஃபெஸ்டி, எங்களுக்காக ஒரு பாட்டு?"

"வேண்டாங்க."

"அட, ஒண்ணே ஒண்ணு!"

"எனக்கு வராதுங்க. உண்மையாவே வராது."

கார்மக் டூலியால் என்ன செய்ய முடியும்? மறுத்துக்கொண்டிருக்கிற மனிதரை நடுவில் நிறுத்தினால் அது எவ்வளவு பெரிய அவமரியாதை! டல்லமோரில் அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் கெஞ்சினார், நான் மறுத்தேன். இன்னும் கெஞ்சினார், நான் அழாத குறையாக மறுத்தேன். மூன்று நிமிஷம் முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இந்த நாட்டுல இன்னும் பணிவு சாகலை" என்றார் ஒருவர், கைக்குட்டையோடு. அன்று அதிக ஓட்டு எனக்கு.

ஊரில் அட்ராக்டா வேலையில் இறங்கிவிட்டாள். பென்ஷன் வாங்க வந்தவர்களிடம், "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துவாள். ஃபாதர் ஜார்லத் பூசை நேரங்களை அறிவித்த கையோடு என் போன் எண்ணையும் அறிவித்தார். ஜனங்கள் பழக்கதோஷத்தில் அதற்கும் 'ஆமென்' சொன்னார்கள்.

இரண்டாவது ஞாயிறு அவர்கள் உஷார். கேள்வியே இல்லை, நேராக மேடையில் விட்டுவிட்டார்கள். எங்கள் பழைய பாடகர்கள் வெட்கம் தாங்காமல் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பாடுவார்கள்; பக்கத்தில் ஒருவர் அவர்கள் கையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். என் கையைப் பிடிக்க அட்ராக்டா வந்தாள். நான் அட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். வாயைத் திறந்தேன். பயத்தில் காற்றுகூட வரவில்லை. அட்ராக்டா கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல என் கையைச் சுற்றினாள்.

"விடுடா ஃபெஸ்டி, வெளியே விடு," என்று பல்லுக்குள் சொன்னாள்.

"வரலைடி."

"வரும். கை வலிக்குது, சீக்கிரம்."

மூன்று நிமிஷமும் வரவில்லை. நான் திரும்பியபோது அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு நடுவர், நாட்டுப்பாடல் நிபுணர், கண்ணை மூடியபடி சொன்னார்: "இந்தப் பாட்டை வாழ்க்கையில ஒரு தடவைதான் கேட்டிருக்கேன். கிளேர் பக்கத்துல, ஒரு குருட்டு மனுஷர்கிட்ட. அவர்கூட இவ்வளவு சுத்தமா பாடலை." கேட்கவில்லை என்று சொல்ல மற்ற இருவருக்கும் தைரியமில்லை.

மூன்றாம் ஞாயிறு கில்ஹோரனிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் அரங்கத்தில். எனக்குக் கொஞ்சம் காற்று வந்தது. "ஓ" என்றேன். அது பாட்டின் முதல் எழுத்தா, பயத்தின் முதல் எழுத்தா என்று எனக்கே தெரியாது. பாடகருக்கு வரி மறந்துவிட்டால் கேட்கிறவர்கள் எடுத்துக்கொடுக்க வேண்டும், அது வழக்கம். இரண்டு பஸ்ஸும் சேர்ந்து எடுத்துக்கொடுத்தது, கடைசிச் சரணம் வரை.

நான்காம் ஞாயிறு மயங்கி விழுந்தேன். அந்த வாரம்தான் ஓட்டு உச்சம்.

ஐந்தாவது ஞாயிறு இறுதிப் போட்டி. மிஞ்சியது இரண்டு பேர்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் தட்டில் அப்படியே ஆறிப்போகும். புதிய விதிகள் தபாலில் வந்தன. உரையாடல் கிடையாது, மேடையில் ஒரே ஒரு கேள்வி. கையைப் பிடிக்க யாரும் வரக்கூடாது. அரங்கத்தினர் கூடச் சேர்ந்து பாடக்கூடாது. மயங்கினால் டாக்டர் தயார், எழுப்பிவிட்டுத் தொடரலாம். நாற்பது பேர் வாத்தியக் குழு. முதல் சரணத்தைப் பாடகர் கட்டாயம் சத்தமாகப் பாட வேண்டும்.

'சத்தமாக' என்ற இடத்தில் அடிக்கோடு.

ஊரின் நிலைமை அதைவிடப் பயங்கரம். எங்கள் மாவட்டம் கால்பந்துக் கோப்பையைத் தொட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இறுதிப் போட்டிவரை போகும், கடைசி நிமிஷத்தில் தோற்கும், ஜனங்கள் தரையைப் பார்த்தபடி வீடு திரும்புவார்கள். இந்தத் தடவைதான் ஜெயிக்கப்போகிறோம் என்று நினைத்தார்கள், என்னை நம்பி. ஜெயித்ததும் மலைமேல் தீ மூட்ட ஒவ்வொரு வீடும் அடுப்பெரிக்கிற கரிமண் கட்டி கொடுத்து, வீட்டு உயரத்துக்குக் குவித்துவிட்டார்கள். மன்றத்தில் பெரிய திரை, இருநூறு நாற்காலி. அதை அடுக்கியதும் நான்தான்.

ஒவ்வொரு நாற்காலியாக வைக்கும்போதும், நான் பாடிய மறுநொடி அதில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார் என்று தெரிந்தது. பார்வை மெல்ல இறங்கும். இருநூறு பேர். நானூறு பூட்ஸ்.

"டெலியா, இவங்க சிரிச்சாக்கூடப் பரவாயில்லை," என்றேன்.

"சிரிக்க மாட்டாங்க," என்றாள் அவள். "அதுதான் பிரச்சனை."

ஞாயிற்றுக்கிழமை டப்ளினில், ஒப்பனை அறைக்கு வெளியே, நடைவழியில் ஒரு பெண் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊனா டெம்ப்சி, என் எதிரி. கார்லோ மாவட்டத்தில் பஸ் ஓட்டுகிறவள், முப்பத்துநான்கு வயது. பெற்றவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான், ஆனால் வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்தில், லீட்ஸில். அவள் குரலை நான் கதவுக்குப் பின்னாலிருந்து நாலு வாரம் கேட்டிருக்கிறேன். அது குரல்.

"வாந்தியா?" என்றேன்.

"மூணு தடவை. உங்களுக்கு?"

"எனக்கு வெளியே வர ஒண்ணும் மிச்சமில்லை."

"நான் தோத்துடுவேன், பெரியவரே. ஒவ்வொரு வாரமும் மயிரிழையிலதான் தப்பிக்கிறேன். ஏன்னே புரியலை. நான் என்ன தப்பு பண்றேன்?"

"நீ நல்லாத்தானேம்மா பாடறே."

"அதையேதான் நானும் சொல்றேன்! அந்த கார்மக், 'நல்லா பாடுவீங்களா'ன்னு கேக்கறார். 'பாடுவேன், பத்து வருஷமா பயிற்சி எடுக்கறேன்'னு சொல்றேன். சொன்ன உடனே ஓட்டு பாதியாக் குறையுது. அப்புறம் பாடித்தான் கொஞ்சம் கொஞ்சமா மீட்கறேன்."

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் இரண்டு முழங்காலும் ஒரே தாளத்துக்கு வந்தன.

"என்ன சொன்னே?" என்றேன். "'பாடுவேன்'னு சொன்னா ஓட்டு பாதியாவா குறையுது?"

"ஆமா."

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேடை. நாற்பது பேர் வாத்தியத்தோடு. நடத்துனர் குச்சியைத் தூக்கி வைத்திருந்தார். என் சட்டையில் மைக், மொச்சை அளவு. அது என் இதயம் அடிப்பதைக்கூட ஒலிபரப்பும் என்று தோன்றியது. சிவப்பு விளக்கு. அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டுக்குப் பின்னால் மாயோ, மாயோவில் மன்றம், மன்றத்தில் நான் அடுக்கிய இருநூறு நாற்காலி. தொண்டையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான்.

"ஃபெஸ்டி," என்றார் கார்மக் டூலி, பற்களோடு, "இன்னிக்கு நல்லா பாடுவீங்களா?"

நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் மறுப்புக்காகக் காத்திருந்தது.

"நல்லா பாடுவேனாவா?" என்றேன். குரல் நடுங்கியது, அதை அதட்டினேன். "அயர்லாந்துல என்னை மாதிரி பாட ஆள் கிடையாது. இனிமே பிறக்கவும் மாட்டான். ஜெயிக்கப்போறது நான்தான். மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாம்."

அறுபத்துமூன்று வருஷ வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. கார்மக்கின் பற்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நடத்துனர் குச்சியை இறக்கினார். வயலின்கள் தோளிலிருந்து மடிக்கு வந்தன, நாற்பது பேரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். இப்படி ஒருவன் பேசிய பிறகு அவனைப் 'பாடு' என்று எந்த வாயால் கேட்பது? டல்லமோர் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

"விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்போம்," என்றார் கார்மக், என் பக்கம் திரும்பாமல்.

என்னை யாரும் பாடச் சொல்லவில்லை. நான் மெல்ல நடந்து இறங்கினேன்.

அடுத்தது ஊனா. விளக்கைப் பார்த்ததும் அவள் முகம் வாளியின் நிறத்துக்குப் போனது.

"ஊனா, நல்லா பாடுவீங்களா?"

"இல்லை," என்றாள். "என்னால முடியாது. குரலே வரலை. தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க." ஒவ்வொரு எழுத்தும் நிஜமான பயம். அதைக் கேட்டதும் முப்பத்திரண்டு மாவட்டமும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கியது. அப்புறம் அவள் பாடினாள். பிரமாதமாகத்தான் பாடினாள், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் நடந்ததை டெலியா சொல்லித் தெரிந்துகொண்டேன். மன்றத்தில் ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை. இருநூறு பேரும் டெலியாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு அந்த ஆளைத் தெரியாது," என்றாள் டெலியா.

ஃபாதர் ஜார்லத் எழுந்து திரையை அணைத்தார். அட்ராக்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். சாண்ட்விச்சுகளைத் துணியில் சுற்றி அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மறுநாள் நான் வந்து இறங்கியபோது மலைமேல் குவியல் இல்லை. கரிமண் கட்டி வீணாகப் போகலாமா? ஒவ்வொரு வீடும் தன் பங்கை எண்ணி எடுத்துக்கொண்டது.

தபாலாபீஸில் அட்ராக்டா என் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"மகாவித்துவானுக்கு என்ன வேணும்?"

"ஒரு ஸ்டாம்ப்."

"ஒண்ணு போதுமா? அயர்லாந்துலயே பெரிய நாக்கு. நக்கி ஒட்ட ஒரு டஜன் தரட்டுமா?"

தெருவில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள், நேராக, முறைத்து, எரித்துவிடுவது போல. ஒரு கண்கூடக் கீழே போகவில்லை. நான் தொப்பியை எடுத்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் ருசித்தது. இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை என்னை யாரும் ஒரு பாட்டுப் பாடச் சொன்னதில்லை. பூசையில் உதட்டைக்கூட அசைப்பதில்லை.

போட்டியா? அடுத்த வருஷம் பன்னிரண்டு பேரும் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு பேரும், எங்களுக்குப் பாட வராது, அம்மா கல்லறை மேல் சத்தியம் என்றார்கள். பத்து ஞாயிறு நாடு முழுக்க உட்கார்ந்து மறுப்பு கேட்டது. பதினோராவது ஞாயிறு அந்த நேரத்தில் ஆடு வளர்ப்பு பற்றிய நிகழ்ச்சி போட்டார்கள்.

அந்த இறுதிப் போட்டியில் எனக்கு மொத்தம் ஒரு ஓட்டு விழுந்தது. ரொம்ப நாள் அது டெலியாவுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். அது பெர்த்திலிருந்து, நோரீன் வீட்டு போனிலிருந்து வந்த ஓட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

போட்டி நடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் வரை, நானும் டெலியாவும் பெர்த்தில் நோரீன் வீட்டில் இருந்தோம். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது.